காட்டுக்குள் ஓர் அரண்மனை

செகந்திராபாத்தில் குடியேறிய நம்மவருக்கு ஐதராபாத்தின் மேற்குப் புறத்திலுள்ள ஜூபிலி ஹில்ஸ் விடுமுறை நாளில் சென்று வரும் தொலைவே. அங்கே ஓங்கிய மாடங்களுக்கும் ஓயாத வண்டிகளுக்கும் நடுவில் சுமார் 142 ஹெக்டேர் காடு ஒன்று எஞ்சியிருக்கிறது. காலையில் அதன் ஓரமாக உலாவுவோர் மயில் அகவக் கேட்பார்கள். உள்ளே ஓர் அரண்மனை இருப்பதை அறிந்தவர் அவர்களுள் சிலரே.

சிரான் என்பது அதன் பெயர். 1967இல் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் காலமானபின், பெயரளவில் எஞ்சியிருந்த பட்டம் பேரர் முக்கரம் ஜாவுக்கு வந்தது. அவருடைய மாளிகைகளுள் சிரானும் ஒன்று. மோர் பங்களா, கோல் பங்களா, குதிரை லாயம், மோட்டார்க் கொட்டகை எனப் பரிவாரக் கட்டடங்களும் அங்கு உண்டு. முக்கரம் ஜாவோ ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை நடத்தப் போனார். 2023இல் துருக்கியில் மறைந்தார். 1998இல் இக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, முன்னாள் முதலமைச்சர் காசு பிரம்மானந்த ரெட்டியின் பெயரைப் பெற்றது.

காட்டுயிருக்கென ஒதுக்கிய நிலத்தில் மன்னர் மாளிகைக்கு என்ன வேலை? அகற்றிவிடலாமே என்று கேட்பது எளிது. ஆயினும் சுற்றிலும் பாறைகள் உடைபட்டு வீடுகள் எழுந்த காலத்தில், அரச குடும்பத்தின் மதில் இருந்ததனாலன்றோ இம்மரங்கள் தப்பின? சென்னைக் கிண்டியும் அப்படியே. ஆளுநர் மாளிகையின் வளாகமாக இருந்தமையால்தான் அங்கே புள்ளிமானும் வெளிமானும் பிழைத்தன; 1978இல் அது தேசியப் பூங்காவாயிற்று. காட்டைக் காத்த காரணத்தையே காட்டுக்குப் பகையென்று இடித்துத் தள்ளுவது நமக்கு உவப்பாயில்லை.

அமெரிக்காவில் இவ்வழக்கு நீதிமன்றம் வரை சென்றதுண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் கிரீன் மவுண்டன் என்னும் மலையுச்சியில், காட்டுத்தீயைக் கண்காணிக்க 1933இல் கட்டிய சிறு குடில் ஒன்று உளது. அதனைப் பிரித்துப் புதுப்பிக்க ஹெலிகாப்டரில் பொருள்களை ஏற்றி இறக்கினார்கள். 1964ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு இது முரணென்று கூறி, குடிலை அகற்றுமாறு 2012இல் நீதிமன்றம் ஆணையிட்டது. ஊரார் விடவில்லை, 2014இல் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி அதனை அங்கேயே நிறுத்தியது.

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஹெலிகாப்டரைத்தான். பழஞ்சுவர் காட்டை ஒன்றும் செய்வதில்லை. பல்லியும் வௌவாலும் அதில் குடியேறிக்கொள்ளும். சுவரைத் தேடி வரும் சாலையும், மின்விளக்கும், உணவு விடுதியுமே காட்டைக் கெடுப்பவை. இடிப்பதானாலும் லாரிகள் உள்ளே வந்தாக வேண்டும் என்பதை இடிக்கச் சொல்வோர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே சிரானை இடிக்கவும் வேண்டாம், விருந்தினர் மாளிகையாக மெருகேற்றவும் வேண்டாம் என்பதே நம் கட்சி. கட்டடங்களை அளந்து வரைபடமும் நிழற்படமும் எடுத்து வைக்கலாம். கூரை சரியாதபடி முட்டுக் கொடுக்கலாம். அந்த வேலையையும் மயில் அடைகாக்கும் மழைக்காலம் கழிந்த பிறகு, ஆட்களைக் கொண்டே செய்துவிடலாம்.