குழி தோண்ட ஒரு காகிதம், மூட ஒரு காகிதம்



நம் நகருக்குப் பின்னால் இருக்கும் கைவிடப்பட்ட கல்குவாரியைக் குப்பை கொட்டி நிரப்பி, மேலே மண் போட்டு, பூங்கா அமைத்துத் தரலாம் என்று ஒரு யோசனை உலவுவது உங்களுக்குத் தெரியும். அடுத்த பொதுக்குழுவில் சங்கத்தின் கருத்து என்ன என்று கேட்கப்படும். "குழி மூடினால் சரி, எதைப் போட்டு மூடினால் நமக்கென்ன" என்று சிலர் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்குட்டையில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கினார்கள் என்ற செய்தி கோடை விடுமுறை தோறும் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. இருந்தாலும் கையைத் தூக்குவதற்கு முன்னால், இந்த வேலையை நமக்கு முன்பே செய்து பார்த்தவர்களின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடன் ஃபைல்களோடு காலம் தள்ளியவன் என்பதால், எந்த விஷயத்திலும் என் கண்ணில் முதலில் படுவது காகிதம்தான். இதுவும் காகிதத்தின் கதைதான்.

முதலில் நம் கல்லைப் பற்றி. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் உள்ள கருநீலப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் இதே வகைதான் என்று கண்டு, 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். அதற்கும் முன்பு, 1863 மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் சரளை எடுத்த ஒரு சின்னப் பள்ளத்தில்தான் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. சரளைப் பள்ளம் என்று நாம் அலட்சியமாகச் சொல்கிற இடத்தில் என்னென்ன கிடக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

பிறகு நகரம் வளர்ந்தது. ஜல்லி வேண்டும், கிரஷர் வந்தது, வெடி வைத்தார்கள். குழி ஆழமானது. ஊற்றுக்கண் திறந்தது. லீஸ் முடிந்ததும் ஆட்கள் போனார்கள், குழி மட்டும் நின்றுவிட்டது. தோண்டுவதற்கு லீஸ் கொடுத்த காகிதத்தில், தோண்டி முடித்தபின் என்ன செய்ய வேண்டும் என்ற வரிக்கு யாரும் பெரிதாக மதிப்புக் கொடுக்கவில்லை. தவணைத் தேதி எழுதாமல் கடன் கொடுத்தது போலத்தான்.

இந்தத் தவணை விஷயத்தை நெடுங்காலம் மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்ட நாடு இங்கிலாந்து. நம் சட்டத்துக்கும் அந்த ஊர்ச் சட்டத்துக்கும் உறவு உண்டு என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதை ஒட்டியும் கட்டுமானத்துக்குக் கல்லும் மணலும் அவசரமாகத் தேவைப்பட்டன. 1943க்கும் 1948க்கும் இடையில் இடைக்கால உத்தரவு என்ற பெயரில் குவாரிகளுக்குக் கொடுத்த அனுமதிகள் பலவற்றில் நிபந்தனை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. 1947ஆம் வருஷ நகர், ஊரமைப்புச் சட்டம் வந்தபின் எந்த நிலத்தைத் தோண்டவும் திட்ட அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் பழைய அனுமதிகள் தூங்கிக்கொண்டே உயிரோடு இருந்தன, வங்கியில் பல வருஷம் வரவு செலவு இல்லாமல் கிடக்கும் கணக்கு மாதிரி. 1991இல் புதுச் சட்டம் போட்டு, 1992 மார்ச் 25க்குள் பதிவுக்கு விண்ணப்பிக்காத பழைய அனுமதி செல்லாது என்று அறிவித்த பிறகுதான் அந்தப் பேரேட்டைச் சுத்தம் செய்ய முடிந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு!

அந்த 1947 சட்டத்தில் இன்னொரு வாசகம் உண்டு. நிலத்தில் குப்பை கொட்டுவது அந்த நிலத்தின் பயன்பாட்டையே மாற்றும் செயல், ஆகவே அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று அது சொல்கிறது. ஏற்கெனவே குப்பை கொட்டிவரும் இடமாக இருந்தாலும், பரப்பு விரிந்தாலோ, பக்கத்து நிலத்தின் மட்டத்தைத் தாண்டிக் குப்பை உயர்ந்தாலோ மீண்டும் அனுமதி வேண்டும். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: குழிக்குள் கொட்டத் தொடங்கிவிட்ட ஒருவர், தரைமட்டம் வரும் வரை இந்த வாசகத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. எத்தனை ஆழமான குழியோ அத்தனை வருஷம் வண்டி ஓடும். எதைக் கொட்டுகிறார் என்பதைத் திட்ட அலுவலகம் நின்று பார்க்கவும் முடியாது.

1972இல் நனீட்டன் என்ற ஊரில், குழந்தைகள் விளையாடும் ஒரு பாழிடத்தில் சயனைடு டிரம்கள் கிடந்தன. நாடே அதிர்ந்தது. சில வாரங்களிலேயே நச்சுக் கழிவுச் சட்டம் ஒன்று நிறைவேறியது. 1974இல் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, திட்ட அனுமதிக்கு மேலே கழிவு உரிமம் என்று இரண்டாவது காகிதமும் தேவைப்பட்டது. 1981இல் கனிமங்களுக்கென்றே ஒரு திருத்தச் சட்டம். குழியை மூடி மண் பரப்பினால் மட்டும் போதாது, அதன்பின் 5 வருஷம் அந்த நிலத்தைப் பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட அது வழி செய்தது. 'பின்பராமரிப்பு' என்ற சொல் அப்போதுதான் அங்கே அனுமதிக் காகிதத்தில் ஏறியது.

இத்தனைக்கும் பிறகுதான் லாஸ்கோ நடந்தது. டெர்பிஷயர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். செங்கல் சூளைக்குக் களிமண் எடுத்த பழைய குவாரியில் வீட்டுக் குப்பையைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். 1986 மார்ச் 24, விடியற்காலை ஆறரை மணி. அருகிலிருந்த தெருவில் ஒரு தனி வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த 3 பேருக்கும் பலத்த காயம். நிலக்கரிப் பகுதி என்பதால் எந்த வாயு என்று ஆராய வேண்டியிருந்தது. மட்கும் குப்பையிலிருந்து கிளம்பிய மீத்தேன், பாறை வெடிப்புகள் வழியாகப் பக்கவாட்டில் நகர்ந்து வீட்டுக்குள் சேர்ந்திருந்தது என்று தெரிந்தது. அன்று ஏன் நடந்தது என்பதற்கும் காரணம் கண்டார்கள். முந்தைய 7 மணி நேரத்தில் காற்றழுத்தம் 29 மில்லிபார் சரிந்திருக்கிறது. வெளியே அழுத்தம் குறைந்ததும் பூமிக்குள் இருந்த வாயு வேகமாக மேலே கிளம்பிவிட்டது. புயல் சின்னம் உருவாகும்போதெல்லாம் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் கேட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கவனியுங்கள், குழி மூடியாகிவிட்டது. மேலே மண்ணும் இருந்தது. பார்ப்பவருக்கு அது 'சீரமைத்த நிலம்'. 1988இலிருந்து, கடந்த 30 வருஷத்தில் குப்பை கொட்டிய இடத்திலிருந்து 250 மீட்டருக்குள் கட்டடம் கட்ட விண்ணப்பம் வந்தால், கழிவுத் துறையைக் கேட்காமல் அனுமதி தரக்கூடாது என்று அங்கே விதி செய்தார்கள். 1996 அக்டோபரில் டன்னுக்கு 7 பவுண்டு குப்பைப் புதைப்பு வரி. மண், கல் போன்ற மட்காத பொருளுக்கு 2 பவுண்டு மட்டும். 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உத்தரவு. கசிவு நீர் பூமிக்குள் போய்த் தானே நீர்த்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்த பழைய முறைக்கு அதோடு முடிவு வந்தது.

இனி நம் ஊர். 1920ஆம் வருஷ மதராஸ் நகரமைப்புச் சட்டமே ஆங்கிலேயர் கொண்டுவந்ததுதான். அதன் இடத்தில் வந்த 1971 தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டத்தில் 'வளர்ச்சி' என்றால் என்ன என்று சொல்லும் இடத்தைப் படித்தால், கட்டுமானம், சுரங்கம், நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று அந்த 1947 வாசகத்தின் சாயல் அப்படியே தெரியும். குவாரி லீஸ் 1959ஆம் வருஷச் சிறுகனிம விதிகளில் வரும், கனிமத் துறை பார்க்கும். குப்பை வேறு விதியில், வேறு அலுவலகம். சிறிய குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொன்னது 2012இல்தான். நம்முடையது போன்ற பழைய குழிகள் அதற்கு முன்பே கைவிடப்பட்டவை. மூடும் திட்டம் என்ற காகிதமே இவற்றுக்குக் கிடையாது.

குப்பைக்கான 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் என்ன சொல்லின என்று பாருங்கள். புதைக்கும் இடம் குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டியிருந்தது. விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் (பறவைகளுக்காக). அடியில் 90 சென்டிமீட்டர் களிமண், அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு. மூடியபின் 15 வருஷம் கண்காணிப்பு. வெடி வைத்துப் பிளந்த பாறைச் சுவரில் அந்த விரிப்பை எப்படி ஒட்டுவார்கள் என்று நம் சங்கத்தில் உள்ள பொறியாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

மாங்காடு அருகே சிக்கராயபுரத்திலும் இதே போல 22 குவாரிக் குட்டைகள். 2017 வறட்சியில் குடிநீர் வாரியம் அந்தத் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்து, செம்பரம்பாக்கம் நிலையத்தில் சுத்திகரித்து நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் நகரத்துக்குக் கொடுத்தது. அந்தக் குட்டைகளைக் குப்பை போட்டு மூடியிருந்தால் அந்தக் கோடையில் எடுக்க எதுவும் இருந்திருக்காது.

எல்லாக் குழியையும் திறந்தே வைக்கச் சொல்லவில்லை. சுத்தமான மண்ணையும் தரம் பிரித்த கட்டட இடிபாட்டையும் போட்டு ஓரத்தைச் சரிவாக்கி, வேலி அடைத்தால் நானே முதலில் கையைத் தூக்குவேன். ஆனால் வெறும் 'கழிவு' என்று எழுதினால் வீட்டுக் குப்பையும் அதில் அடக்கம். அதனால் பொதுக்குழுவுக்கு முன், என்ன பொருள், எந்த மட்டம் வரை, எத்தனை வருஷம், நிறுத்திவிட்டுப் போனால் யார் பணம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். டெபாசிட் இல்லாத வாக்குறுதியை எந்த வங்கியும் ஏற்காது, நாமும் ஏற்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அதே 2016 விதிகளில், நிலத்தடி நீர் ஏறி நிற்கும் அதிகபட்ச மட்டமும் களிமண் அடிப்பகுதிக்கு 2 மீட்டர் கீழே இருக்க வேண்டும் என்று இருந்தது. இந்தச் சித்திரையில் மழையே இல்லாத நிலையிலும் நம் குட்டையில் தண்ணீர் நின்றது. காலை நடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு தேதி போட்டு அதைப் புகைப்படம் எடுத்து வைத்திருப்பவர்கள் செயலாளரிடம் கொடுத்தால் மனுவோடு இணைத்துவிடலாம்.