கிர்க்பிரைடு கட்டட முறை

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மனநோயாளிகளுக்கென எழுந்த அரசு மருத்துவமனைகள் பலவற்றுக்கு அச்சாக இருந்த கட்டட அமைப்பு. வகுத்தவர் பிலடெல்ஃபியா மருத்துவர் தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைடு (1809–1883). குவேக்கர் மரபில் வந்த இவர், 1841-இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகச் சேர்ந்து சாகும்வரை அங்கேயே இருந்தார்.

சித்தம் கலங்கியவர்களைச் சிறையிலும் ஏழை விடுதியிலும் கட்டிப்போட்டிருந்த காலம் அது. வீட்டுச் சூழலிலிருந்து பிரித்து, காற்றும் வெளிச்சமும் ஒழுங்கும் உள்ள இடத்தில் வைத்தால் மனம் தெளியும் என்று கிர்க்பிரைடு நம்பினார். கட்டடமே மருந்து என்பது அவர் கட்சி.

நடுவில் நிர்வாக மாளிகை. கண்காணிப்பாளர் குடும்பமும் அதிலேயே குடியிருக்கும். ஒரு பக்கம் ஆண்களுக்கான கூடங்கள், மறுபக்கம் பெண்களுக்கானவை. ஒவ்வொரு கூடமும் முந்தையதைவிடச் சற்றுப் பின்தள்ளி நிற்பதால், மேலிருந்து பார்த்தால் வௌவால் சிறகு விரித்ததுபோல இருக்கும். பின்தள்ளியது அழகுக்காக அல்ல. கூடத்தின் இரு முனையிலும் சன்னல் வைக்கவும் காற்று ஊடாடவும்தான். அமைதியானவர்கள் நடுவை ஒட்டியும், கூச்சலிடுபவர்கள் கடைக்கோடியிலும் இருந்தார்கள். சன்னலுக்குக் கம்பி போட்டால் சிறையாகிவிடுமே! அதனால் சட்டத்தையே இரும்பில் வார்த்து, சாதாரணச் சன்னல்போலத் தோன்றும்படி வண்ணம் பூசினார்கள். கண்ணாடிகள் ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. கருணையும் தந்திரமும் கலந்த வேலைப்பாடு.

இம்முறையில் முதலில் எழுந்தது நியூ ஜெர்சியின் டிரென்டன் மருத்துவமனை (1848). அதற்காகப் போராடிய சமூகச் சீர்திருத்தவாதி டொரோதியா டிக்ஸ் கடைசிக் காலத்தில் அங்கேயே தங்கி, 1887-இல் இறந்தார். கிர்க்பிரைடு தம் கருத்துகளை 1854-இல் நூலாக்கினார்.

அவர் விதிகளில் உயிரானது ஓர் எண்: 250. நோயாளிகள் அதற்கு மேல் போனால் தலைமை மருத்துவரால் ஒவ்வொருவரையும் நேரில் அறிய முடியாது. ஆனால் 1866-இல் மனநோய் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களின் சங்கமே வரம்பை 600 ஆக்கியது. கிர்க்பிரைடு எதிர்த்தும் பயனில்லை. முதியவர்களும் தீராத நோயாளிகளும் வந்து குவிந்தார்கள். குணமானோர் கணக்கும் ஆட்டம் கண்டது. திரும்பத் திரும்பச் சேர்ந்து வெளியேறிய ஒரே ஆளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் குணமானவராக எண்ணியிருந்ததை 1877-இல் மனநல மருத்துவர் பிளினி எர்ல் காட்டினார். இம்முறைக்கு மாற்றாக, சிறு சிறு தனிக் கட்டடங்களாகக் கட்டும் முறை பரவத் தொடங்கியது.

எண்ணை மறந்ததன் விலையை மேற்கு வர்ஜீனியாவின் வெஸ்டனில் பார்க்கலாம். 1864-இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய அந்தக் கல் மாளிகை 250 பேருக்கென வரையப்பட்டது. 1950-களில் சுமார் 2,400 பேர் அடைந்து கிடந்தார்கள். திட்டம் தோற்றது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதைச் சொன்னபடி நடத்திப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கலாம்.

வெஸ்டன் 1994-இல் மூடப்பட்டு, இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு இரவில் பேய்க்கதை காட்டுகிறது. இதே முறையில் எழுந்த நியூ ஜெர்சியின் கிரேஸ்டோன் மருத்துவமனை 2015-இல் இடிபட்டது. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட்சன் வடிவமைத்த பஃபலோ மருத்துவமனைக் கட்டடத்தின் ஒரு பகுதி ஹோட்டலாகிவிட்டது.