ரயில்வே கேட்டை எடுத்துட்டு சுரங்கப்பாதை: நல்ல திட்டத்தை ஊர் ஏன் வேணாம்னு சொல்லுது?

2025 ஜூலை 8, காலை 7.45 மணி வாக்கில், கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் திறந்திருந்த ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதியது. மாணவர்கள் 3 பேர் இறந்தார்கள். கேட் கீப்பர் சஸ்பெண்ட் செய்யப்பட்டு, கைதும் செய்யப்பட்டார்.

அன்றைக்கு டிவியிலும் போனிலும் எல்லாரும் பேசியது கேட் கீப்பரைப் பற்றித்தான். ஆனால், தெற்கு ரயில்வே வெளியிட்ட அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது. அந்த இடத்தில் முழுக்க ரயில்வே செலவிலேயே சுரங்கப்பாதை கட்ட ஒப்புதல் ஆகிவிட்டது, மாவட்ட ஆட்சியரின் அனுமதிதான் ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்றது ரயில்வே.

செலவையும் ரயில்வேயே ஏற்கிறது, உயிரையும் காப்பாற்றும். அப்புறம் எதுக்கு இழுபறி? செம்மங்குப்பத்தை விடுங்க. தமிழ்நாட்டில் பல ஊர்களில் 'கேட்டை எடுக்காதீங்க, சப்வே வேணாம்' என்று மக்களே மறியலில் உட்காருகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆள் இருக்கும் கேட்டிலும் ஆபத்தா?

ஆள் இல்லாத ரயில்வே கேட்டுகள் அகலப்பாதைகளில் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பதெல்லாம் ஆள் இருக்கும் கேட். இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, இன்டர்லாக் செய்த கேட். கேட் முழுசாக மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். கேட் கீப்பர் தூங்கிவிட்டாலும் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். மனிதர் தவறினாலும் இயந்திரம் காப்பாற்றும்.

இன்னொன்று, இன்டர்லாக் இல்லாதது. விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட் இந்த வகையாக இருந்தது. இங்கே சிக்னலுக்கும் கேட்டுக்கும் தொடர்பே கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து ரயில் வருவதைச் சொல்வார், கேட் கீப்பர் மூடிவிட்டு அதற்கு அடையாளமாக ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். 'பிரைவேட் நம்பர்' என்பார்கள். கேட்டை மூடாமலே அந்த எண்ணைச் சொன்னால் தடுக்க எதுவும் இல்லை. 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் பிரேக் போட்டு நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். டிரைவர் வேனைப் பார்த்தபின் செய்ய ஒன்றும் இருக்காது.

விபத்துக்குப் பிறகு எல்லா கேட்டிலும் சிசிடிவி, அதிகப் போக்குவரத்து உள்ள கேட்டில் இன்டர்லாக் என்று ரயில்வே அமைச்சர் உத்தரவிட்டார். தேவைதான். ஆனால் கேட் என்று ஒன்று இருக்கும்வரை, ரோடும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கே போகும்வரை, ஆபத்து பாக்கி இருக்கும். ரயில்களின் வேகத்தைக் கூட்டுவதற்கும் கேட்தான் தடை. அதனால்தான் ரயில்வே இதில் அவசரம் காட்டுகிறது.

எந்த கேட்டை எடுப்பாங்க?

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 24 மணி நேரத்தில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை, கேட்டைக் கடக்கும் வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். சுருக்கமாக டிவியூ. சின்ன வண்டிகளுக்கு மதிப்பு குறைவு. 40 ரயில், 2,500 வாகனம் என்றால் ஒரு லட்சம் டிவியூ. ஒரு லட்சத்தைத் தாண்டினால், பாலமோ சுரங்கப்பாதையோ கட்டும் செலவை ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்பது வழக்கம். அதற்குக் கீழே இருக்கும் சின்ன கேட்டுகளில் பெரும்பாலும் ரயில்வேயே உயரம் குறைந்த சுரங்கப்பாதை கட்டித் தருகிறது. சண்டை அதிகம் வருவது இந்த இரண்டாவது வகையில்.

அதே 40 ரயிலுக்கு, தடவைக்கு 6 நிமிடம் 'கேட் போட்டால்' ஒரு நாளில் 4 மணி நேரம் ரோடு அடைப்பு. அந்த வரிசையில் ஆம்புலன்ஸும் நிற்கும்.

மேம்பாலம் கட்டினா என்ன?

கட்டலாம். ஆனால் மின்கம்பிக்கும் மேலே ரோடு போக வேண்டும். தரையிலிருந்து 8 மீட்டர் ஏற வேண்டும், 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கே 240 மீட்டர் நீளம் தேவை. கடைவீதி முழுக்க அதில் போய்விடும். சுரங்கப்பாதையோ 5 மீட்டர் இறங்கினால் போதும் என்றால், அதே சரிவில் 150 மீட்டரில் முடிந்துவிடும். நிலமும் குறைவு, செலவும் குறைவு.

ஓடும் ரயிலுக்கு அடியில் கட்டும் விதமும் சுவாரஸ்யமானது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே பெரிய கான்கிரீட் பெட்டியை வார்த்து, ஹைட்ராலிக் ஜாக் வைத்து மண்மேட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்கள். மேலே ரயில் வேகத்தைக் குறைத்து ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு முறையில், சில மணி நேரம் ரயில்களை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தைக் கழற்றி, குழி தோண்டி, முன்பே செய்து வைத்த பெட்டிகளை கிரேனால் இறக்கி, மறுபடி தண்டவாளம் போட்டுவிடுவார்கள்.

பெட்டி ரயில்வே வேலை. இரு பக்க அணுகுசாலை பெரும்பாலும் மாநிலத்தின் வேலை. பெட்டி ரெடியாகி, ரோடு வராமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் இடங்கள் உண்டு. உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கலாம்!

அப்புறம் ஏன் எதிர்ப்பு?

ஒரே சொல்லில் சொன்னால், தண்ணி.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 150 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், இரண்டு பக்கச் சரிவு. மொத்தம் 1,500 சதுர மீட்டர். 5 செ.மீ. மழை பெய்தால் இந்தச் சரிவில் விழும் தண்ணீர் மட்டும் 75,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் ஆறு லாரிக்கு மேல். அக்கம்பக்கத் தெருவிலிருந்து ஓடிவருவதும், வயற்காட்டுப் பக்கம் சுவரில் ஊறுவதும் தனி. ஊரிலேயே அதுதான் பள்ளம் என்பதால் தானாக வடிய வழி இல்லை. மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். மழை பெய்யும்போதுதான் கரண்டும் போகும்.

இது வெறும் அசௌகரியம் அல்ல. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். 2020 ஜூலையில் டெல்லி மின்டோ பாலத்தடியில் ஒரு டிரைவர், 2024 செப்டம்பரில் ஃபரிதாபாத்தில் வங்கி ஊழியர்கள் இரண்டு பேர். எல்லாமே ரயில் பாதைக்கு அடியில் போகும் ரோடு. சென்னையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடல் என்பது மழைக்காலச் செய்தியில் வழக்கமான வரியாகவே ஆகிவிட்டது.

கேட்டில் போகும் உயிரைக் காப்பாற்றக் கட்டியது, தண்ணீரில் உயிரை வாங்கினால் ஊர்க்காரர்கள் எப்படி நம்புவார்கள்?

அடுத்தது உயரம். 'உயரம் குறைந்த' என்று பெயரிலேயே இருக்கிறது. கார், வேன் போகும். கதிர் அறுக்கும் மெஷின், வைக்கோல் லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர், சில இடங்களில் பஸ்ஸே போகாது. விவசாயிக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் நிலம். நடந்து போகும் வயதானவர்களுக்கு, நேராகத் தாண்டிய 20 அடி இப்போது இறங்கி ஏறும் 300 மீட்டர்.

தண்ணீரில் சிக்கினால்

முதலில், தண்ணீர் தேங்கிய சப்வேயில் 'போயிடலாம்' என்று இறக்கவே வேண்டாம். ஒரு அடி தண்ணீரே சின்ன காரை மிதக்க வைக்கும். வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீங்க. சீட் பெல்ட்டைக் கழற்றி, பவர் இருக்கும்போதே கண்ணாடியை இறக்கி வெளியே வந்துவிடுங்க. இறங்கவில்லை என்றால் ஹெட்ரெஸ்ட்டைப் பிடுங்கி அதன் கம்பியால் பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் குத்துங்க. முன்கண்ணாடி உடையாது.

கட்டும் முன்பே என்ன கேட்கலாம்?

தீர்வு இல்லாத பிரச்சனை இல்லை இது. சரிவின் மேல் கூரை போட்டால் அந்த 75,000 லிட்டரில் பெரும்பங்கு உள்ளே விழாது. நுழைவில் ரோட்டைக் கொஞ்சம் மேடாக்கினால் தெருத் தண்ணீர் வராது. பக்கத்தில் இதைவிடத் தாழ்வான வாய்க்காலோ ஓடையோ இருந்தால் குழாய் வழியே வடித்துவிடலாம். இல்லாவிட்டால் சேகரிப்புக் கிணறும், ஜெனரேட்டரோடு மோட்டாரும் வேண்டும்.

எனவே 'சப்வே வேணுமா, வேணாமா' என்பதைவிட உருப்படியான கேள்விகள் இவை: தண்ணீர் எங்கே போய் விழும்? மோட்டார் எரிந்தால் யார் மாற்றுவார்கள், ரயில்வேயா, ஊராட்சியா? உள்ளே எத்தனை மீட்டர் உயரம்? அறுவடை வண்டிக்கு மாற்று வழி எது, எத்தனை கிலோமீட்டர்? பதிலை எழுத்தில் கேளுங்க. கேட்டை மூட மாவட்ட நிர்வாகத்தின் சம்மதம் தேவை என்பதால் மனு போக வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம். கிராமசபையில் தீர்மானமும் போடலாம். ஆனால் சம்மதம் தருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். சுரங்கப்பாதை திறந்ததும் கேட்டை எடுத்து, பழைய ரோட்டை அடைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த இடத்தில் மறுபடி கேட் கிடைப்பது அபூர்வம்.