பத்து நீதவான்களும் ஒரு சட்டத்தரணியும்

கொரிய ஓவியர் ஜூ ஹோ மின் 2010 முதல் 2012 வரை இணையத்தில் தொடராக வெளியிட்ட சித்திரக்கதை ஒன்றுண்டு. ‘தெய்வங்களுடன்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். முதற்பாகத்தின் நாயகன் கிம் ஜா ஹோங் ஒரு சாதாரண அலுவலக ஊழியன். பெரிய புண்ணியவானுமல்லன், கொடியவனுமல்லன். இறந்ததும் தூதர்கள் அழைத்துச் செல்ல, ரயிலேறி மறுவுலகம் போகிறான். 49 நாட்களில் ஏழு நீதிமன்றங்களைக் கடக்க வேண்டும். அங்கே அவனுக்காக வாதாட ஓர் இளம் சட்டத்தரணி நியமிக்கப்பட்டிருக்கிறார்.

வரலாறு படிப்பிக்கும் எனக்கு இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியவில்லை. அந்த நீதிமன்றத்தின் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல்.

இந்தியாவின் யமன் பௌத்தத்தோடு சீனம் சென்று யென்லுவோ ஆனான்; கொரியர் வாயில் யொம்ரா. ஆனால் சீனர் அவனைத் தனித்து ஆளவிடவில்லை. பத்து மன்னர்களில் அவனுக்கு ஐந்தாமிடமே கிடைத்தது. ஏழாமிடத்தில் சீனரின் சொந்தத் தாய் மலைத் தெய்வம். துன்ஹுவாங் குகையில் கிடைத்த பழைய சுருள்களில் இம்மன்னர்கள் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் பதிவேட்டோடு எழுதுவினைஞர். எதிரே கழுத்தில் பலகை பூட்டிய குற்றவாளி. அசல் சீனக் கச்சேரிதான். வரைந்தவன் கண்ட அதிகாரம் அதுவல்லவா?

ஏழு நாளைக்கொரு விசாரணையாக ஏழு மன்னர்கள். மிகுதி மூவர் நூறாம் நாளிலும் முதலாண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் விசாரிப்பர். குடும்பத்தார் அந்நாட்களில் செய்யும் காணிக்கை இறந்தவருக்குத் துணையாகும் என்பது நம்பிக்கை. இறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடையில் இப்படியொரு காலம் இருப்பதைத் தேரவாதம் ஏற்பதில்லை. எனினும் நம் சிங்கள அயலவர் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் தானம் கொடுக்கிறார்கள். துக்கத்தின் கணக்கும் சாஸ்திரத்தின் கணக்கும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை போலும்.

1392இல் எழுந்த சோசொன் அரசு கொன்பூசிய அரசு. பௌத்த விகாரைகளை ஒடுக்கியது. ஆயினும் பத்து மன்னர்களின் மண்டபம் பிழைத்துக்கொண்டது. பெற்றோரைப் போற்றச் சொன்ன கொன்பூசியம், இறந்த பெற்றோருக்கான சடங்கை முற்றாக அழிக்க முடியாமற் போனதே காரணம் என்பது என் எண்ணம்.

அம்மண்டபத்தில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுண்டு. நடுவில் இருப்பவன் யமன் அல்லன். நரகங்கள் வெறுமையாகும்வரை புத்தராவதில்லை என விரதம் பூண்ட ஜிஜாங் போதிசத்துவர் அங்கிருக்கிறார், மன்னர்கள் இருமருங்கிலும். சுற்றியுள்ள ஓவியங்களில் பாவியின் நாவை இழுத்து விரித்து ஏர் உழுகிறார்கள். அந்தப் பயங்கரத்தின் மத்தியில் பாவியின் பக்கம் நிற்பவர் அவரே. ஜூ ஹோ மின்னின் சட்டத்தரணி, இந்த ஜிஜாங் நடத்தும் சட்டக் கல்லூரியில் படித்தவர்! சிரிப்பு மூட்டும் இந்த ஏற்பாடு மரபை நன்றாக அறிந்த ஒருவனின் வேலை. தூதர் தலைவன் கங்னிமும் புதியவனல்லன். யமனையே பிடித்துவர நீதிபதியால் அனுப்பப்பட்ட சேவகனாக அவனை ஜெஜு தீவின் பூசாரிகள் பாடி வந்திருக்கிறார்கள்.

2017இல் வந்த திரைப்படத்தைக் கொரியாவில் ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அதில் சட்டத்தரணி இல்லை. அவரது வேலையைத் தூதர்களே பார்க்கிறார்கள். அலுவலக ஊழியன் தீயணைப்பு வீரனாகிவிட்டான். பிறருக்காக உயிரைக் கொடுத்தவனுக்கு வழக்கு எதற்கு? ஒன்றுமில்லாதவனுக்கும் ஒரு வக்கீல் வேண்டும் என்ற மூலக்கதையின் உயிர் அங்கே போய்விட்டது.

இரண்டாம் பாகம் இவ்வுலகில் நடக்கிறது. இடிக்கப்படவிருக்கும் சேரி வீட்டில் ஒரு முதியவரும் பேரனும். 2009 ஜனவரியில் சோலின் யொங்சானில், வெளியேற்றத்தை எதிர்த்தவர்கள் நின்ற கட்டடம் பொலிஸ் நடவடிக்கையின்போது தீப்பற்றி ஆறு பேர் இறந்திருந்தனர். வாசகருக்கு அந்நினைவு ஆறியிருக்காது. வீட்டை இடிக்க வருவோரை அடுப்படித் தெய்வமும் மலசலகூடத் தெய்வமும்தான் மறித்து நிற்கின்றன. அரசு நியமித்த சட்டத்தரணி அந்தச் சந்துக்கு வரவில்லை.