முத்துப் பாரும் இழுவை மடியும்: நம் கடலடியின் கதை



மம்சாபுரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. நமக்கு மேற்கே மலை, சுற்றிலும் கண்மாய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீடுகளுக்கு வரும் இறால், நண்டு, கணவாய், சங்கரா எல்லாம் கடலிலிருந்து வருபவைதாமே. கிழக்கே தூத்துக்குடி, ராமேஸ்வரம். மேற்கே மலையைத் தாண்டினால் கொல்லம். இரண்டு கடலுக்கும் நடுவே நாம் இருக்கிறோம்.

மேலே சொன்ன நான்குக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சாளை, அயிலை போல மேல் தண்ணீரில் கூட்டமாக ஓடுபவை அல்ல இவை. கடலின் அடித்தரையிலோ அதை ஒட்டியோ வாழ்பவை. மாந்தல், திருக்கை, சங்கு, முத்துச்சிப்பி, கடலட்டை ஆகியவையும் இந்த வகைதான். இந்த அடித்தரைச் செல்வத்தை நம் பக்கத்து மக்கள் எப்படி எடுத்தார்கள், எப்போது கணக்குத் தவறியது என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் பி.காம். படித்து வங்கியில் எழுத்தராக இருந்தவன். மீன் பிடித்துப் பழக்கமில்லை. கணக்குப் பார்த்துப் பழக்கம் உண்டு. அந்தக் கோணத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் இருப்புச் சரிபார்ப்பு

பாண்டியரின் கொற்கை முத்துக்குப் பேர்போனது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஏப்ரலிலிருந்து மே மாத நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடந்ததையும், பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்குப் போனதையும் எழுதி வைத்திருக்கிறார். அப்போதே இது காலவரையறை உள்ள தொழில். பின்னால் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர்.

ஆங்கிலேயர் காலத்து நடைமுறையைப் பாருங்கள். முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். குளிப்பு நடத்துவதற்கு முன்னால் அதிகாரிகள் பாரைப் பரிசோதிப்பார்கள். குளியாட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கி, இடத்துக்கு இடம் சிப்பி எடுத்து வருவார்கள். ஒரு முறை இறங்கினால் எத்தனை சிப்பி கிடைக்கிறது, சிப்பிக்கு என்ன வயது என்று குறித்துக்கொள்வார்கள். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்காக எடுத்து, அழுக விட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை வியாபாரிகளிடம் காட்டி ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் என்று மதிப்பிடுவார்கள். சிப்பி இளசாக இருந்தாலோ மதிப்புக் குறைவாக இருந்தாலோ அந்த ஆண்டு குளிப்பு கிடையாது.

அதாவது, முதலில் இருப்புச் சரிபார்ப்பு. பிறகுதான் எடுப்பு. ஏன் இத்தனை எச்சரிக்கை? சிப்பியில் விலை போகும் முத்து விளைய மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகு ஓரிரு ஆண்டுகளில் சிப்பி தானாகவே செத்துவிடும். முந்தினாலும் நஷ்டம், பிந்தினாலும் நஷ்டம்.

1928க்குப் பிறகு 1955 வரை தூத்துக்குடியில் குளிப்பே நடக்கவில்லை. 27 ஆண்டுகள்! 1955 முதல் 1961 வரை நடந்தது. அதுதான் கடைசி. பிறகு பார்களில் சிப்பி பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் அழகர்சாமி தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது தனிக்கதை.

இந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, உயிரைப் பணயம் வைத்துக் குளித்தவனுக்கு ஒரு பங்கு. சர்க்கார் எண்ணியது கடல்மேல் கொண்ட பாசத்தால் அல்ல, வருமானத்துக்காக. எண்ணியும்கூடச் சிப்பி காணாமல் போன ஆண்டுகள் ஏராளம். ஆனாலும் 'இந்த ஆண்டு வேண்டாம்' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தது. அதைக் கவனியுங்கள்.

இரண்டேகால் அங்குலம்

சங்கு பாறையில் இருப்பதில்லை. குளியாட்கள் 'பூச்சி மணல்' என்று சொல்லும், புழுக்கள் நிறைந்த மணல் தரையில் இருக்கும். நம் ஊர்ச் சங்கு பெரும்பாலும் வங்காளத்துக்குப் போனது. அங்கே கல்யாணமான பெண்கள் அணியும் வளையல் இதில்தான் அறுக்கப்படுகிறது.

சென்னை மாகாணத்தில் 1907ல் சர் பிரடெரிக் நிக்கல்சன் பொறுப்பில் மீன்வளத் துறை தொடங்கியது. முத்து, சங்கு இரண்டையும் பார்த்துக்கொண்ட ஜேம்ஸ் ஹார்னெல் 1914ல் சங்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். சங்குக்கு இருந்த விதி எளிமையானது. விட்டம் இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் உயிரோடு கடலில் திரும்ப விட வேண்டும். துளையுள்ள அளவுப் பலகை இருக்கும். துளைக்குள் நுழைகிற சங்கு கடலுக்குத் திரும்பிவிடும்.

இந்த விதி ஏன் வேலை செய்தது? சங்கை வாங்கும் கவுண்டர் ஒன்றுதான், சர்க்கார். சின்னச் சங்குக்கு அந்தக் கவுண்டரில் காசு கிடையாது. காசு இல்லாததை யார் சுமப்பார்கள்?

இதே மன்னார் வளைகுடாவில் கடலட்டைக்கு நேர்ந்தது வேறு. வெளிநாட்டுச் சந்தைக்காக அளவில்லாமல் எடுத்தார்கள். 1982ல்தான், மூன்று அங்குலத்துக்குச் சிறியதை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று அரசு சொன்னது. அது போதவில்லை. 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, எடுப்பதையே தடை செய்துவிட்டார்கள். இன்றும் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் கடலட்டைக் கடத்தல் பிடிபட்ட செய்தியைப் பத்திரிகையில் பார்க்கிறீர்கள். அளவுகோல் தாமதமாக வந்தால் கடைசியில் தடைதான் மிஞ்சும்.

கொல்லத்தில் இறங்கிய புது வலை

நம் ராஜபாளையம் வழியாக ஓடும் ரயில் போய் முடிகிற ஊர் கொல்லம். அதன் பக்கத்தில் நீண்டகரை. சுதந்திர இந்தியாவின் மீன்பிடி வரலாறு திசை மாறியது அங்கேதான். இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் 1952ல் ஒப்பந்தம் செய்து, 1953ல் அங்கே இந்தோ-நார்வே திட்டத்தைத் தொடங்கின. ஏழை மீனவர்களுக்கு இயந்திரப் படகு கொடுத்து வாழ்க்கையை உயர்த்துவதுதான் நோக்கம். அதே சமயத்தில் உறைய வைத்த இறால் கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. இறாலுக்கு டாலரில் விலை கிடைத்ததும் திட்டத்தின் திசை மாறிவிட்டது. இழுவை மடி பெருகியது. தமிழ்நாட்டிலும் மானியத்தில் விசைப்படகுகள் கொடுக்கப்பட்டன.

இழுவை மடி என்பது வாய் அகன்ற பெரிய பை. இரு பக்கமும் பலகை கட்டி வாயை விரித்து, படகு அதைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போகும். இறாலுக்காக இழுத்தாலும் இறால் மட்டும் வராது. மீன் குஞ்சு, சினை நண்டு, சிப்பி, பாசி, பவளத் துண்டு எல்லாம் வரும். விலை போகாத பொடிசுகள் 'கழிவு மீன்' என்று கோழித் தீவனத்துக்குப் போகும்.

இங்கேதான் கணக்கு தவறியது என்று நினைக்கிறேன். முத்துக்கு எண்ணினார்கள், சங்குக்கு அளந்தார்கள். இழுவை மடிக்கு எத்தனை படகு தாங்கும் என்று யாரும் முதலில் எண்ணவில்லை. படகைக் கொடுத்த பிறகுதான் கடலைப் பார்த்தார்கள்.

நம் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், தண்ணீர் வற்றும்போது கடைசி மீன் வரை அரித்து எடுத்துவிடுவார். தப்பில்லை, அடுத்த மழைக்கு அவர் குஞ்சு வாங்கி விடப்போகிறார். கடலில் குஞ்சு வாங்கி விட யார் இருக்கிறார்கள்? தாய் மீன் மிஞ்சினால்தான் குஞ்சு.

பின்னால் வந்த சட்டங்கள்

1970களில் கட்டுமரம், நாட்டுப்படகு வைத்திருந்தவர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் தமிழகக் கடற்கரையில் கடும் மோதல்கள் நடந்தன. வலை அறுந்தது, படகு எரிந்தது, உயிரும் போனது. அதன் விளைவாக வந்ததுதான் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு. விசைப்படகு காலை 5 மணிக்கு மேல் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடிக்கு 2000ல் தடை வந்தது.

கேரளம் 1988ல் மழைக்கால இழுவைத் தடையைக் கொண்டுவந்தது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் 2001 முதல் ஏப்ரல் 15லிருந்து மே 29 வரை 45 நாள் தடை. 2017 முதல் அது ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது.

இவை எல்லாம் நல்ல விதிகளே. ஆனால் எங்கே பிடிக்கலாம், எப்போது பிடிக்கலாம் என்றுதான் இவை சொல்கின்றன. எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்வதில்லை. 61 நாள் ஓய்வெடுத்த கடலில் 62ஆம் நாள் எல்லாப் படகும் ஒன்றாக இறங்குகின்றன.

ஒரு கடன் கணக்கு

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அங்கே நம் இழுவைப் படகுகள் அதிகம். எதிர்க்கரையில் இலங்கைத் தமிழ் மீனவர்கள். உள்நாட்டுப் போர் 2009ல் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, அவர்களது வலைகளும் நம் மடிகளும் ஒரே இடத்தில் மோதின. இலங்கை 2017 ஜூலையில் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. அடிக்கடி நாம் படிக்கும் கைதுச் செய்திகளுக்குப் பின்னால் எல்லைப் பிரச்சினை மட்டுமல்ல, இந்தக் கடலடிப் பிரச்சினையும் இருக்கிறது.

அதே 2017ல் ஒரு மாற்றுத் திட்டம் வந்தது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சூரை பிடிக்கும் படகு வாங்கலாம். படகு விலை 80 லட்சம். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், மீனவர் கைப்பணம் 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். மூன்று ஆண்டில் 2,000 படகுகள் இலக்கு. அதன் அருகில்கூட வரவில்லை.

காகிதத்தில் 70 சதவீத மானியம். மீனவர் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். கைப்பணம் 8 லட்சம் முதலில் வேண்டும். காலையில் போய் மறுநாள் திரும்பியவர் இனி பல நாள் கடலில் தங்க வேண்டும். தொழிலையே புதிதாகப் பழக வேண்டும். ஆனால் 16 லட்சத்துக்கான தவணை மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வரும். தவணை துரத்தும்போது யாரும் கடலைக் காப்பாற்ற முடியாது. இது மீனவரின் பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் படகை மானியம் கொடுத்து ஏற்றிவிட்டது நாம்தான்.

நடக்காத காரியமா?

கனடாவின் நியூபவுண்ட்லாந்து கரையில் காட் என்ற அடித்தரை மீன் சுமார் 500 ஆண்டுகள் பிடிபட்டது. பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தன. விஞ்ஞானிகள் எண்ணினார்கள், ஆனால் இருப்பை அதிகமாக மதிப்பிட்டார்கள். 1992 ஜூலையில் தொழிலையே மூட வேண்டியதாயிற்று. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். சின்ன அளவில் மீண்டும் திறக்க 2024 ஆனது. எண்ணினால் மட்டும் போதாது, சரியாகவும் எண்ண வேண்டும்.

நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. மறுபடியும் கொல்லம்தான். அங்குள்ள அஷ்டமுடிக் காயலில் சேற்றுத் தரையில் மட்டி எடுப்பது பெரிய தொழில். ஏற்றுமதி வந்ததும் அளவுக்கு மீறி எடுத்து, 1990களில் மட்டி குறைந்தது. பிறகு மீனவர்களும் அதிகாரிகளும் ஆராய்ச்சியாளர்களும் உட்கார்ந்து விதி வகுத்தார்கள். சினைக்காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை. வலைக் கண்ணி 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஒரு கிலோ மட்டிச் சதையில் 1,400க்கு மேல் எண்ணிக்கை வந்தால், அது குஞ்சு மட்டி, ஏற்றுமதிக்கு ஆகாது. 2014ல் இந்தியாவிலேயே முதல் மீன்பிடித் தொழிலாக அதற்குச் சர்வதேச நிலைத்த மீன்வளச் சான்று கிடைத்தது. ஹார்னெல் காலத்து அளவுப் பலகையின் தத்துவம்தான் இது: வாங்கும் இடத்தில் அளவு பார்த்தால் பிடிக்கும் இடத்தில் விதி தானாக நிற்கும்.

கேரளம் 2015ல் 14 வகை மீன்களுக்கும், 2017ல் 58 வகைகளுக்கும் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது. தமிழகமும் எல்லாத் துறைமுகத்திலும் ஏலக் கூடத்தில் அளவு பார்க்கும் நிலைக்கு வர வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நம் பங்கு

நாமும் ஒரு வாங்கும் கவுண்டர்தான். அதனால் இரண்டு யோசனைகள். ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விலை கூடினால் வியாபாரியிடம் சண்டை போடாதீர்கள். அப்போது கிழக்குக் கரையில் நாட்டுப்படகு மீன்தான் வரும், குறைவாகத்தான் வரும். கேரளத்தில் இழுவைத் தடை ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை என்பதால், ஜூன் நடுப்பகுதியில் சில நாள் இரண்டு கரையிலும் வரத்து இறங்கும். இரண்டு, விரல் நீளச் சங்கராவும் வயிற்றில் சினை ஒட்டிய நண்டும் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாலு வீட்டில் சொன்னால் அடுத்த வாரம் அவர் கொண்டுவர மாட்டார்.

நம் குடியிருப்பில் தூத்துக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் இருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு பற்றித் தெரிந்ததைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 1961 குளிப்பைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அடுத்த இதழிலேயே வெளியிடலாம்.