பருத்திக்காட்டுப் பாட்டும் பால்மரக்காட்டுப் பாட்டும்

1970களில் நம் நாட்டில் உருவான 'புளூஸ் கேங்' இசைக்குழுவை மூத்த தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். பாடகர் இத்தோ, கித்தார் கலைஞர் ஜூலியன் மொக்தார் ஆகியோருடன் ஜிம் மாடசாமி எனும் நம்மவரும் அக்குழுவில் இருந்தார். 'அப்போ நாக் டிக்காத்தோ' எனும் அவர்களது பாடல் நெகிரி செம்பிலான் வட்டார மலாயில் அமைந்தது. அமெரிக்கக் கருப்பின மக்களின் இசை நம் மண்ணின் பேச்சிலும் இயல்பாகப் பொருந்தியது. காரணம், அது பாமர மக்களின் வாய்மொழியில் பிறந்த இசை.

1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரும் மிசிசிப்பிப் பருத்தித் தோட்டங்களில் கருப்பின மக்கள் கடனில் சிக்கி உழைத்தனர். அவர்களது வயல்வெளிப் பாடல்களிலிருந்து கிளைத்ததே புளூஸ். முதலடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவது அதன் பொதுவான அமைப்பாகும்.

1941இல் ஆலன் லோமேக்ஸ், ஜான் வொர்க் எனும் ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஸ்டோவல் தோட்டத்திற்குச் சென்றனர். அங்கு டிராக்டர் ஓட்டிய மடி வாட்டர்ஸ் எனும் தொழிலாளியின் பாடல்களைப் பதிவு செய்தனர். தம் குரலைப் பதிவில் கேட்ட பின்னரே தம்மாலும் முடியும் என நம்பியதாக அவர் பின்னாளில் கூறினார். 1943இல் சிக்காகோ நகருக்குப் பெயர்ந்தார். நகர மதுக்கூடங்களின் இரைச்சலில் தோட்டத்துக் கித்தார் எடுபடவில்லை. எனவே மின்கித்தாரை ஏந்தினார். 1964இல் வெளிவந்த 'ஃபோக் சிங்கர்' இசைத்தட்டில் பழைய கித்தாருக்கே திரும்பினார். 1968இல் 'எலெக்ட்ரிக் மட்' இசைத்தட்டில் ராக் இசையோடு கலந்தார். பாணிகள் பல மாறியும் தோட்டத்துக் குரல் மாறவில்லை.

நமக்கும் இத்தகைய வரலாறு உண்டு. கங்காணி முறையில் வந்த நம் முன்னோர் தாலாட்டிலும் தெம்மாங்கிலும் ஒப்பாரியிலும் தம் துயரைப் பாடினர். முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் அப்பாடல்களைத் திரட்டி நூலாக்கியுள்ளனர். ஆயினும் ஏட்டில் சொல் நிற்கும், மெட்டு நிற்பதில்லை. நான் பணியாற்றும் பூச்சோங்கில் காசல்பீல்டு, கின்ராரா தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அப்பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அங்கே ஒலித்த பாடல்களோ முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே உள்ளன.

ஆகவே, பெற்றோர்களே, இப்பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் கையில் கைப்பேசியைக் கொடுத்துப் பாட்டியின் அருகில் அமர்த்துங்கள். பாடியவர் பெயர், தோட்டம், பாடப்பட்ட சூழல் ஆகியவற்றையும் குறிக்கச் செய்யுங்கள். ஆசிரியர்கள் அவற்றைப் பள்ளி நூலகத்தில் தொகுத்து வைக்கலாம். "எனக்கு என்னப்பா பாட்டுத் தெரியும்?" எனப் பாட்டி மறுத்தால், அவர் முணுமுணுத்த ஓரடியையேனும் பதிவு செய்து, அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.