ஆண்டு பார்த்த கைகள்: சில்லறையில் பழங்காசு தேடிய வரலாறு

கைக்கு வந்த சில்லறையைச் செலவிடுமுன் அதில் பொறித்துள்ள ஆண்டையும் குறியையும் பார்த்து, அரிதாகத் தோன்றுவதைத் தனியே எடுத்துவைக்கும் பழக்கம் இன்று பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. ஆயினும், இந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, காசைத் திருப்பிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தனர். காசின் மாற்றையும் எடையையும் ஆராய்ந்து நல்லது, தேய்ந்தது, போலி எனப் பிரித்தவரைப் பழந்தமிழ் வண்ணக்கன் என்று அழைத்தது. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அத்தொழில் தங்கியிருக்கிறது. பிற்காலத்தில் நோட்டக்காரர் என்றும் சராப்பு என்றும் வழங்கப்பட்ட இவர்களும் இன்றைய சேகரிப்பாளரும் பார்ப்பது ஒரே இடத்தைத்தான். ஆனால் பழைய ஆண்டு கண்ணில் பட்டதும் சராப்பு காசின் மதிப்பைக் குறைத்தார், சேகரிப்பாளரோ கூட்டுகிறார். இந்தத் தலைகீழ் மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதே இந்தியச் சில்லறையின் வரலாற்றில் ஆராயத்தக்க பகுதியாகும்.

முகலாய மரபில் அடிக்கப்பட்ட வெள்ளி ரூபாயில் மன்னரின் ஆட்சியாண்டு பொறிக்கப்படுவது வழக்கம். அச்சுக்கூடத்திலிருந்து புதிதாக வந்த சிக்கா ரூபாய் முழு மதிப்புக்குச் செல்லும். ஓராண்டு கடந்ததும் வங்காளத்தில் நூற்றுக்கு மூன்றும், அதற்கும் பழையதாயின் நூற்றுக்கு ஐந்தும் கழித்தே சராப்புகள் அதை ஏற்றனர். இந்தக் கழிவைத் தமிழில் வட்டம் என்றும், வடபுலத்தில் பட்டா என்றும் கூறினர். காசு உண்மையில் தேய்ந்திருக்கிறதா என்பது இங்கே இரண்டாவது கேள்விதான். ஆண்டு பழையதாக இருந்தாலே வட்டம் விழுந்தது. வரி செலுத்த வந்த குடியானவரும் சரக்கு விற்ற வணிகரும் கையிலுள்ள பணத்தின் வயதுக்காக இழப்பை ஏற்க நேர்ந்தது.

இதைத் தடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி கையாண்ட வழி எளியது: ஆண்டை மாற்றாமலே காசடிப்பது. முகலாய மன்னர் ஷா ஆலமின் பத்தொன்பதாம் ஆட்சியாண்டைத் தாங்கிய சிக்கா ரூபாயே வங்காளத்தின் தர நாணயம் என்று 1793ஆம் ஆண்டின் விதிமுறை அறிவித்தது. அதன்பின் ஆண்டுகள் எத்தனை உருண்டோடினாலும் காசில் பத்தொன்பதே நின்றது. சென்னையிலும் இதே உத்தி நடைமுறையில் இருந்தது. கம்பெனியின் தங்கசாலையில் அடிக்கப்பட்ட ஆற்காட்டு ரூபாய், 1759இல் கொல்லப்பட்ட இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும் ஆறாம் ஆட்சியாண்டையும் ஹிஜ்ரி 1172ஐயும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சுமந்து வந்தது. ஆண்டு ஒன்றே என்றால் அதைக் காட்டி வட்டம் பிடிக்க இடமில்லை.

1835ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்ட அந்த ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா அல்லது பன்னிரண்டு தம்பிடி. ஆண்டை நிறுத்திவைக்கும் பழக்கம் இதன்பின்னும் உடனே மறையவில்லை. 1840 என்று பொறித்த ரூபாய் 1861 வரையிலும், 1862 என்று பொறித்த ரூபாய் அடுத்த பத்தாண்டுக்கு மேலும் அடிக்கப்பட்டன. 1862 ரூபாயின் பின்புறத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், பம்பாய் அச்சுச்சாலையில் அடித்தவற்றில் எழுத்துகளை ஒட்டி நுண்ணிய புள்ளிகள் தென்படும்; அவை அச்சடித்த உண்மையான ஆண்டைக் குறிப்பவை என நாணயவியலாளர் கொள்கின்றனர். பொதுமக்களுக்கு ஒரே ஆண்டையும் சாலை அலுவலர்களுக்கு வேறோர் ஆண்டையும் காட்டிய காசு அது. 1874 முதலே ஆண்டெண் ஆண்டுதோறும் மாறத் தொடங்கியது. ஆண்டுவாரியாகக் காசு தேடுவதும் அப்போதுதான் எளிதாயிற்று.

ஆண்டின் பெயரால் கழிவு மறைந்தாலும் எடையின் பெயரால் கழிவு நீடித்தது. தர எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தேய்ந்த ரூபாய் சட்டப்படி செல்லாது என 1906ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் வரையறுத்ததால், சராப்பின் தராசுக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. இதற்கிடையே, எடையோடும் மாற்றோடும் தொடர்பில்லாத காரணத்தால் ஒரு காசு அரிதான நிகழ்ச்சியும் நேர்ந்தது. 1911இல் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி நாணயங்களில் மன்னரின் மேலங்கியில் தொங்கிய இந்தியப் பேரரசு விருதுச் சின்னத்தின் யானை, துதிக்கை குட்டையாக அமைந்ததால் பன்றியைப் போலத் தோன்றியது. இசுலாமியர் எதிர்ப்புத் தெரிவிக்கவே, வெளியிடாமல் இருந்தவற்றில் பெரும்பகுதி உருக்கப்பட்டு, 1912 முதல் திருத்திய உருவம் வெளிவந்தது. பன்றி ரூபாய் என்று பெயர் பெற்ற 1911 ரூபாயை அடையாளம் காண ஆண்டெண்ணைப் பார்த்தாலே போதும்.

சில்லறையைத் துருவிப் பார்ப்பதைச் சராப்புக் கடையிலிருந்து வீடுகளுக்குக் கொண்டுசென்றது இரண்டாம் உலகப் போர். 1940இல் அரசு ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. மீதியில் செம்பு நாற்பது விழுக்காடும், நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து விழுக்காடும் கலந்தன. முகமதிப்பில் இரண்டும் ஒரு ரூபாய்தான். எனினும் ஒன்றில் இருந்த வெள்ளி மற்றதைவிட ஏறத்தாழ இருமடங்கு. மதிப்பு மிகுந்த காசை வைத்துக்கொண்டு மதிப்புக் குறைந்ததைச் செலவிடுவது மனித இயல்பு. தரங்குறைந்த காசு தரமான காசைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்ற கிரெஷாம் விதி கூறுவதும் அதையே. மக்கள் பழைய ரூபாயைப் பொறுக்கியெடுத்துப் பதுக்க, அரசும் அவற்றைத் திரும்பப் பெற முனைந்து, விக்டோரியா ரூபாயை 1941இலும், ஏழாம் எட்வர்டு ரூபாயை 1942இலும், இரு ஜார்ஜ் மன்னர்களின் முழுத்தர வெள்ளி ரூபாயை 1943இலும் செல்லாததாக அறிவித்தது. திரும்பியவை உருக்குலைக்குப் போயின. முழுத்தர வெள்ளியின் கடைசி ஆண்டான 1939ஐத் தாங்கிய ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இன்று மிக அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பாதி வெள்ளி ரூபாய்க்கும் ஆயுள் நீளவில்லை: போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற ஏறத்தாழ 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியைத் திருப்பித் தரவேண்டியிருந்ததால், 1946, 1947ஆம் ஆண்டுகளில் தூய நிக்கல் காசுகள் வந்து அதன் இடத்தைப் பிடித்தன.

போர்க்காலச் செம்புத் தட்டுப்பாடு காலணாவையும் விடவில்லை. ஐந்து கிராமுக்குச் சற்றே குறைந்த எடையுடன் இருந்த வெண்கலக் காலணா, 1943இல் நடுவில் வட்டமான துளையுடன் இரண்டு கிராம் அளவுக்கு இளைத்து வந்தது. மன்னர் தலைக்கு இடமில்லாமல், மேலே சிறு கிரீடம் மட்டும் தாங்கிய அதனை மக்கள் ஓட்டைக் காலணா என்றனர். அதே ஆண்டில் லாகூரில் திறந்த அச்சுச்சாலையின் காசுகளில் எல் என்ற எழுத்து குறியாக இடம்பெற்றது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே மட்டும் வேறுபாடு பார்த்த கண்களுக்கு மூன்றாவது அடையாளம் கிடைத்தது.

தேடுவோருக்கு மிக வளமான காலம் 1957 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. 64 காலணா கொண்ட ரூபாய் 100 நயா பைசாவாக மாறிய அந்நாளுக்குப் பின்னும் சில ஆண்டுகள் இரு முறைகளும் அருகருகே புழங்கின. ஓர் அணா ஆறே கால் நயா பைசாவுக்குச் சமமாகையால் கணக்கு நேராக அமையவில்லை. அரசின் மாற்றுப் பட்டியல் ஓரணாவுக்கு ஆறும், இரண்டணாவுக்குப் பன்னிரண்டும், மூன்றணாவுக்குப் பத்தொன்பதும், நாலணாவுக்கு இருபத்தைந்தும் என வகுத்தது. மன்னர் தலையும், 1950இல் வந்த அசோகர் சிங்கமும், புதிய பைசாவும் ஒரே கல்லாப்பெட்டியில் கலந்து கிடந்தன. 1964 ஜூன் 1 முதல் நயா என்னும் அடைமொழி நீங்கியது. அணாக் காசு மறைந்தபின்னும் இருபத்தைந்து பைசாவை நாலணா என்றும் ஐம்பது பைசாவை எட்டணா என்றும் தமிழர் தொடர்ந்து அழைத்தனர்.

அறுபதுகளின் நடுவில் அலுமினியம் வந்தது. மூன்று பைசா, ஒரு பைசா, இரண்டு பைசா, பின்னர் ஐந்தும் பத்தும் அந்த மெல்லிய உலோகத்துக்கு மாறியதும், பழைய வெண்கல, நிக்கல் கலப்புக் காசுகள் மீண்டும் உலோகத்துக்காகப் பொறுக்கப்பட்டன. 1968 முதல் வந்த, தாமரை பொறித்த மஞ்சள் நிற இருபது பைசாவோ உருக்குலைக்குப் பதிலாகப் பூசையறைக்குச் சென்றது. சில்லறைத் தட்டுப்பாடு முற்றவே, சிறு நாணயங்களை உருக்குவதையும் நியாயமான தேவைக்கு மேல் வைத்திருப்பதையும் குற்றமாக்கி 1971இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டமே அதை நீக்கியது. நாற்பது ஆண்டுகள், சட்டத்தின் சொற்படி பார்த்தால், சில்லறையைப் பெருமளவில் சேர்த்துவைப்போர் குற்றத்தின் எல்லையருகே நின்றனர்.

உலோகம் மலிந்ததும் தேடலின் இலக்கும் மாறிற்று. ஒரு ரூபாயின் எடையே இதைக் காட்டும்: 1939 வரை 11.66 கிராம் வெள்ளி. 1983இல் ஆறு கிராம் செம்பு நிக்கல். 1992இல் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவான துருப்பிடிக்காத எஃகு. 2011இல் நான்கு கிராமுக்கும் குறைவு. எஃகுக் காசை உருக்கி ஆதாயம் பார்க்க இயலாது என்பதால், எஞ்சியவை ஆண்டும் சாலைக் குறியும் மட்டுமே. தொண்ணூறுகளின் ஒரு ரூபாயைப் பின்புறம் திருப்பி ஆண்டெண்ணுக்குக் கீழே பார்த்தால், சாய்சதுரம் மும்பையையும், ஐம்முனை விண்மீன் ஐதராபாத்தையும், 1988இல் தொடங்கிய நொய்டாவைத் தனிப்புள்ளியும் குறிக்கும். எதுவுமின்றி வெறுமையாக இருந்தால் அது கொல்கத்தா. சென்னைக்குக் குறியில்லை, அதன் தங்கசாலை 1869இலேயே மூடப்பட்டு, சாலையின் பெயர் மட்டும் ஜார்ஜ் டவுன் தெருவொன்றில் நிற்கிறது. உள்நாட்டு உற்பத்தி போதாத ஆண்டுகளில் அயல்நாட்டுச் சாலைகளிலும் காசு அடிக்கப்பட்டது: 1985 ரூபாயில் காணும் எச் பர்மிங்காமின் ஹீட்டன் நிறுவனத்தையும், அதே ஆண்டின் ஐம்பது பைசாவில் காணும் சி கனடாவின் ஒட்டாவாவையும் சுட்டுகின்றன. இவற்றை வேறுபடுத்திப் பார்க்க உருப்பெருக்கியும் பொறுமையும் போதும். வண்ணக்கனுக்கு வேண்டியிருந்த தராசோ உரைகல்லோ தேவையில்லை.

இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 அன்று செல்லாதவை ஆனதும் நாலணா புழக்கத்திலிருந்து நீங்கிச் சேகரிப்பாளரின் பெட்டிக்குள் அடங்கியது. எந்தக் காசையும் அன்றாடச் சில்லறையிலிருந்து பொறுக்க முடிவது, மாற்றுக் காசு வந்த நாளுக்கும் பழையது முற்றிலும் திரும்பிவிடும் நாளுக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில் மட்டுமே என்பதை வெள்ளி ரூபாய் முதல் நாலணா வரையிலான வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகிறது. அந்த இடைவெளி முடிந்தபின் தேடல் கடைக்கும் ஏலத்துக்கும் நகர்ந்து, பழைய ஆண்டுக்கு வட்டம் கழித்த இடத்தில் விலை கூடுகிறது. சராப்பு படித்துவிடக்கூடாது என்று அச்சுக்கூடங்கள் மறைத்த ஆண்டுதான் இப்போது மிகவும் தேடப்படுகிறது. 1862 ரூபாயின் நுண்புள்ளிகளை இன்று ஒவ்வொன்றாக எண்ணுவோர் அந்த மறைப்பையே அவிழ்த்துக்கொண்டிருக்கின்றனர்.